சுருக்கினால் சோகம் போய்விடுமா?

கேள்வி: ஐந்து மாதமாக அக்கூஸ்டிக் கிட்டார் பழகுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த, மெதுவான ஒரு சோகப் பாட்டை வாசிக்க ஆசைப்பட்டேன். முதலில் கிடைத்த டேப்பில் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் தாள்) பார் கார்டுகளும் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டுகள்) விரல் எட்டாத இடங்களும் நிறைய. முடியாமல் விட்டுவிட்டேன். பிறகு எளிமையாக்கிய டேப் ஒன்று கிடைத்தது. அதைத் தவறில்லாமல் வாசிக்க வருகிறது. ஆனால் சோகம் வரவில்லை, நர்சரி ரைம் மாதிரி ஒலிக்கிறது. ‘ஈஸி வெர்ஷன் வாசிப்பது ஏமாற்று வேலை’ என்கிறான் நண்பன். ‘தினமும் இதே அழுகைப் பாட்டுதானா’ என்கிறார்கள் வீட்டில். கஷ்டமான வடிவத்துக்கே திரும்பட்டுமா, வேறு பாட்டுக்குப் போகட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இதே பாட்டு, இதே எளிய வடிவம் போதும். சுருக்கியவர் எதைத் தூக்கிப் போட்டிருக்கிறார் என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். தவறில்லாமல் வாசிக்க வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கோளாறு உங்கள் விரலில் இல்லை, அந்தத் தாளில் இருக்கிறது.

முதலில் உங்கள் நண்பரை அனுப்பிவிடுவோம். வயலின், குரல், தாளம் எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டை ஆறு கம்பிக்கும் இடது கையின் நான்கு விரலுக்கும் கொண்டுவருவதே சுருக்கல்தான். அந்தக் கஷ்டமான டேப்பை எழுதியவரும் நிறைய விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். அவர் கொஞ்சம் குறைவாக விட்டார், இவர் கொஞ்சம் அதிகமாக விட்டார், அவ்வளவே வித்தியாசம். இதில் ஏமாற்று எங்கிருந்து வந்தது?

சரி, எதை விட்டால் சோகம் போய்விடுகிறது? பெரும்பாலும் பேஸ் நடையை, அதாவது அடிச்சுரங்களின் நகர்வை. மெதுவான சோகப் பாட்டுகள் பலவற்றில் மேலே மெட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அடியில் ஒரு சுரவரிசை படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். ஏ, ஜி, எஃப், ஈ என்ற நான்கு சுர இறக்கம் இதில் மிகப் பழையது. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் புலம்பல் காட்சிகளுக்கென்றே இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எளிய டேப் எழுதுபவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான். ‘ஏ மைனர், ஜி பேஸுடன் ஏ மைனர்’ என்று இருந்தால் இரண்டையும் வெறும் ஏ மைனர் ஆக்கிவிடுவார்கள். கார்டு தவறில்லை, ஆனால் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது நின்றுபோகிறது. நீங்கள் நர்சரி ரைம் என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பார் கார்டு இல்லாமல், கை நீட்டாமல் அந்த இறக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். மெல்லிய நான்கு கம்பிகள் போதும், மிக மெல்லியதுதான் 1-ஆம் கம்பி. ஆள்காட்டி விரலை 2-ஆம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் முதல் கட்டத்தில்) வையுங்கள், நடு விரலை 3-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டில். 1-ஆம் கம்பி விரல் படாமல் திறந்திருக்கட்டும். 3, 2, 1 என்று ஒவ்வொன்றாக மீட்டுங்கள். இது ஏ மைனர். அடுத்து நடு விரலை மட்டும் எடுத்துவிட்டு அதே மூன்று கம்பிகளை மீட்டுங்கள். அடிச்சுரம் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறங்கிவிட்டது. மூன்றாவதாக நடு விரலை பழைய இடத்திலேயே வைத்து, மோதிர விரலை 4-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டில் சேருங்கள். இப்போது 4-ஆம் கம்பியிலிருந்து தொடங்குங்கள். இதுதான் எஃப் மேஜர் செவன். எல்லோரையும் அழவைக்கும் அந்த எஃப் பார் கார்டை விட, சோகப் பாட்டுக்கு இது பொருத்தமானது என்பது என் கட்சி. கடைசியில் மோதிர விரலை எடுத்துவிட்டு, மற்ற இரண்டு விரல்களையும் அதே வடிவில் ஒரு கம்பி தடித்த பக்கமாகத் தள்ளி வையுங்கள். அதாவது 3-ஆம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட், 4-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட். ஈ மேஜர் வந்துவிட்டது. முழு இறக்கமும் கையை நகர்த்தாமலே முடிந்தது.

அந்தக் கடைசி கார்டில் ஒரு விஷயம். எளிய டேப்களில் இங்கே ஈ மேஜருக்குப் பதிலாக ஈ மைனர் போட்டிருப்பார்கள். 3-ஆம் கம்பியில் விரல் வைக்க வேண்டாம் என்பதைத் தவிர இதில் லாபமில்லை. ஏ-யை ஷட்ஜமாக (ஸ) வைத்துப் பாருங்கள். சாதாரண மைனர் ஸ்கேல் நம்முடைய நடபைரவி ராகம். அதன் நிஷாதத்தை (நி) அரைச்சுரம் உயர்த்தினால் கீரவாணி. ஈ மேஜரில் இருக்கும் ஜி ஷார்ப் அந்தக் கீரவாணி நிஷாதம்தான். ஷட்ஜத்துக்கு ஒட்டி நின்று, ‘திரும்பி வா’ என்று இழுக்கும் சுரம் அது. ஈ மைனர் போட்டால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். உங்கள் பாட்டில் மூலத்திலேயே ஈ மைனர் இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது வேறு வகைச் சோகம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேளுங்கள், பாட்டோடு எது ஒட்டுகிறது என்று காதே சொல்லிவிடும்.

இரண்டாவது சந்தேகம் உங்கள் வலது கை மேல். முழு கார்டையும் ஒரே சீராக ஸ்ட்ரம் செய்கிறீர்களோ? பாடகர் ஒரு சொல்லை இழுத்துப் பாடும்போது அவரால் நடுவில் குரலை ஏற்றவும் இறக்கவும் முடியும். கிட்டாரில் மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும், பிறகு அதை வளர்க்க வழியே இல்லை. மெதுவான பாட்டு வேகமான பாட்டை விடக் கடினம் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். தேயும் ஒலிக்கு அடுத்து இன்னொரு ஒலி வந்து தாங்க வேண்டும். கார்டை உடைத்து ஒவ்வொரு கம்பியாக மீட்டுவது அலங்காரத்துக்காக அல்ல, இந்தத் தாங்கலுக்காக. கட்டைவிரல் தடித்த கம்பிகளுக்கு, ஆள்காட்டி 3-க்கு, நடு விரல் 2-க்கு, மோதிர விரல் 1-க்கு என்பது பொது வழக்கம். மேலே சொன்ன முதல் இரண்டு பிடிகளில் மட்டும் 3-ஆம் கம்பியைக் கட்டைவிரல் எடுத்துக்கொள்ளட்டும், இறங்கும் வரிசை முழுவதும் ஒரே விரலில் இருந்தால் ஒரே குரலாகக் கேட்கும்.

இடது கையையும் சும்மா விடக் கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் அடுத்த கார்டைப் பற்றிய பயத்தில் இப்போதைய கார்டைச் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். வேகமான பாட்டில் இது தெரியாது. சோகப் பாட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு வெட்டு விழும். கடைசி எண்ணிக்கை முடியும் வரை விரலை எடுக்காமல் இருந்து பாருங்கள். மாற்றம் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, வெட்டை விடத் தாமதம் மேல்.

மெட்ரோனோமை (தாளத் தட்டு போடும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்தால் இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு முழு விநாடி. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் தாளத்தை முந்தி ஓடிவிடுகிறார்கள். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ‘தகதிமி’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள், மூன்றாகப் பிரியும் பாட்டானால் ‘தகிட’. ‘உணர்ச்சியோடு வாசிக்கிறேன்’ என்று நினைத்த இடத்திலெல்லாம் இழுத்து இழுத்து நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். தாளம் நேராகப் போக, ஒரே ஒரு இடத்தில் தயங்கினால்தான் அந்தத் தயக்கம் கேட்பவருக்குத் தெரியும்.

மீட்டும் இடத்தை மாற்றிப் பார்ப்பதற்குப் பயிற்சியே தேவையில்லை. பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டாரின் உடலில் முடியும் இடம்) பக்கம் மீட்டினால் ஒலி கூர்மையாக, உலோகமாக வரும். ஒலித்துளையைத் தாண்டி ஃப்ரெட் பலகையை நெருங்கினால் மென்மையாகும். நகத்தைக் குறைத்து விரல் சதையால் மீட்டினால் இன்னும் மென்மை. மெட்டுக்குரிய சுரம் மற்றவற்றை விடச் சற்று உரக்கக் கேட்க வேண்டும். எளிய வடிவத்தில் சுரங்கள் குறைவு என்பதால் இது சுலபமாகவே வரும். அந்த வகையில் கஷ்டமான டேப்பை விட உங்களுக்கு வசதி அதிகம்.

பாட்டின் ஸ்கேல் பிடிகொடுக்கவில்லை என்றால் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு பி மைனரில் இருந்தால் 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து ஏ மைனர் பிடிகளையே வாசிக்கலாம். சி மைனர் என்றால் 3-ஆம் ஃப்ரெட். அதற்கு மேலே போகப் போக ஒலி சின்னதாகி மினுங்க ஆரம்பிக்கும். சோகத்துக்கு 4-ஐத் தாண்டுவதில் எனக்கு விருப்பமில்லை. விரல் நுனி வலிக்கிறது என்றால் எல்லாக் கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி ட்யூன் செய்து, கேப்போவை 2-இல் வைத்து வாசியுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், கம்பி இளகிவிடும்.

வீட்டாரின் புகாரும் நியாயம்தான். அவர்கள் கேட்பது பாட்டை அல்ல, அதன் தடுமாறும் நாலு பாரை (தாளச் சுற்றை). கார்டு மாற்றும் பயிற்சியை மட்டும் செய்யும்போது பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு மெல்லிய துணியைச் செருகிவிடுங்கள், ஒலி ‘டப் டப்’ என்று அடங்கிவிடும். விரலுக்கு அதுவே போதும். துணியை எடுத்துவிட்டு முழுப் பாட்டையும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை வாசியுங்கள், நடுவில் தவறினாலும் நிறுத்தாமல். உங்களுக்கும் அது நல்லது. ஒரு நாளில் இருபது தடவை வாசித்த சோகப் பாட்டு வாசிப்பவருக்கே மரத்துப்போகும்.

கஷ்டமான வடிவத்தைத் தூர எறிய வேண்டாம். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு பார் வீதம் கடன் வாங்குங்கள். முதலில் பாட்டு முடியும் இடத்தை எடுங்கள். அங்கே வேகம் எப்படியும் குறையும், விரல்களை நிதானமாக வைக்க நேரம் கிடைக்கும். அடுத்து இடையிசையில் ஒரு வரி. வாங்கிய பார் பத்து நாளிலும் கைக்குள் வரவில்லை என்றால் பழைய எளிய பாரையே திரும்பப் போட்டுவிடுங்கள், நண்பரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.