நடுராத்திரி, கரண்ட் இல்லை, குழந்தை நனைந்துவிட்டது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எங்களுக்கு முதல் குழந்தை, பையன், பிறந்து ஒரு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். ராத்திரி கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேலே தண்ணீர் ஏறாது. அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை வெளிக்குப் போகிறான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு துணியைத் தேடி, தண்ணீரைத் தேடி, மாற்றி முடிப்பதற்குள் கத்தித் தீர்த்துவிடுகிறான். மழை வேறு, துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. சுலபமான வழி இருந்தால் சொல்லுங்கள்.
– ஒரு தாய், தாம்வே, யாங்கோன்

பதில்: தங்கச்சி, பிள்ளை கத்துகிறான் என்பதற்காக நீங்கள் ஏதோ தப்பாகச் செய்கிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். கதகதப்பாகச் சுருண்டு கிடந்த உடம்பைத் திறந்துபோட்டு, ஜில்லென்ற கையும் ஈரத்துணியும் பட்டால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரைகூட மாற்ற வேண்டிவரும், அதனால் ஒவ்வொரு தடவையும் அவன் திறந்து கிடக்கும் நேரத்தைக் குறைக்கப் பாருங்கள். திறந்த பிறகு எதையும் தேடி எழுந்து போகிற நிலைமை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் ரகசியம்.

சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே ஒரு கூடையைத் தயார் பண்ணி, நீங்கள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நாலைந்து டயப்பர் அல்லது மடித்த துணி, துடைக்கச் சின்னச் சின்னதாகக் கிழித்த பழைய லுங்கித் துணி (பல தடவை துவைத்த பருத்தி லுங்கி மாதிரி மெத்தென்று கடையில் எதுவும் கிடைக்காது), ஒரு மாற்றுச் சட்டை, அழுக்கைப் போட மூடியுள்ள வாளி. பிளாஸ்கில் வெந்நீர், பக்கத்தில் ஒரு பாட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஒரு கிண்ணம். இரண்டையும் கலந்து முழங்கையில் விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. கரண்டும் வேண்டாம், குழாயும் வேண்டாம். சார்ஜ் விளக்கைப் பிள்ளையின் கால்மாட்டில் தாழ்வாக வையுங்கள், முகத்தில் வெளிச்சம் அடித்தால் முழுசாக விழித்துக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிடுவான். மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம். கொசுவலை நெருப்புப் பட்டால் நொடியில் பிடித்துக்கொள்ளும்.

இடம், தரையில் போட்ட பாய்தான். மேசையும் கட்டிலும் இடுப்புக்கு வசதி என்பார்கள், ஆனால் பிள்ளை எந்த நாள் முதன்முதலாகப் புரளும் என்று யாருக்கும் தெரியாது. பாய் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் துணி. மழைக்காலத்தில் டெங்குக் கொசு இருக்கிறதே, அதனால் பகலானாலும் சரி, முடிந்தவரை வலைக்குள்ளேயே மாற்றுங்கள்.

சரி, இப்போது மாற்றுவது. அழுக்கு டயப்பரைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புதியதை விரித்து அதற்கு அடியில் நுழைத்துவிடுங்கள். பிறகு பட்டியைப் பிரித்து, முன்பக்கத்தை ஒரு பத்து நொடி அப்படியே மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆண் பிள்ளைகள் காற்றுப் பட்டவுடன் பீய்ச்சி அடிப்பது அந்த நேரத்தில்தான். டயப்பரின் சுத்தமான முன்பாகத்தாலேயே பெரும்பகுதியை வழித்து, அதை உள்பக்கமாக மடித்து அடியிலேயே விடுங்கள். இரண்டு காலையும் பிடித்துத் தூக்குவதைவிட, பக்கவாட்டில் மெல்லப் புரட்டித் துடைப்பது நல்லது, குடித்த பால் எதுக்களிக்காது. துடைத்த பிறகு தொடை மடிப்பில் காய்ந்த துணியை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அழுக்கை உருவினால் புதியது ஏற்கனவே அடியில் இருக்கும். மூடும்போது குஞ்சு கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் கசிந்து சட்டை நனையும். அதன் முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்ய யார் சொன்னாலும் செய்யாதீர்கள், அது இந்த வயதில் ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொன்று, ராத்திரி ஒரு பக்கம் பால் கொடுத்து முடித்ததும் மாற்றிவிட்டு, மறுபக்கம் கொடுங்கள். குடிக்கும்போதே வெளிக்குப் போவது இந்த வயதுக்கு வழக்கம். மாற்றியபின் குடித்துக்கொண்டே தூங்கிப்போவான், திரும்ப எழுப்ப வேண்டியதில்லை. டயப்பர் போட்டிருந்து, மூத்திரம் மட்டும் கொஞ்சம் என்றால், தோலும் நன்றாக இருந்தால், தூங்குகிற பிள்ளையை அதற்காக எழுப்பாதீர்கள்.

துணி காயாத கவலைக்கு, மே நடுவிலிருந்து அக்டோபர் வரை துணி மட்டுமே என்று பிடிவாதம் வேண்டாம். பகலில் துணி, ராத்திரிக்கு டயப்பர் என்று வைத்துக்கொண்டால் செலவும் கட்டுப்படும், துவைக்கிற பாரமும் பாதியாகும். சோப்பு போக இரண்டு தடவை அலசுங்கள், மிச்சமிருக்கும் சோப்பே தோலை அரிக்கும். வாசனைக்குப் போடும் கண்டிஷனர் வேண்டாம், துணி ஈரத்தை உறிஞ்சாது. கரண்ட் வந்ததும் இஸ்திரி போடுங்கள், ஈரமும் போகும், கிருமியும் சாகும்.

கேள்வி: மூன்று மாதப் பெண் குழந்தை. அடிப்பக்கம் சிவந்துவிட்டது. மாமியார் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) பூசச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் பவுடர் போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: மாமியார் அன்பினால் சொல்கிறார், அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், தனாக்கா கன்னத்தில் இருக்கட்டும். புண்ணான தோலில், அதுவும் கல்லில் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்ததைப் பூசினால், மடிப்பில் காய்ந்து உறுத்தும், கிருமியும் சேரும். பவுடர் எங்கேயும் வேண்டாம், அந்தத் தூசி பிள்ளையின் நுரையீரலுக்குப் போகும்.

அந்தச் சிவப்புக்கு முதல் மருந்து காற்று. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம், ஒன்றும் கட்டாமல் பாயில் விடுங்கள். நனைந்தவுடன் மாற்றுங்கள், சோப்பில்லாமல் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். நன்றாகக் காய்ந்தபின் துத்தநாகக் களிம்பு, அதாவது ஜிங்க் ஆக்சைடு, கனமாக. அடுத்த தடவை அதைச் சுரண்டி எடுக்காதீர்கள், அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்துவிட்டு அதன் மேலேயே பூசலாம்.

இரண்டு மூன்று நாளில் குறையவில்லை, அல்லது தொடை மடிப்புக்குள்ளேயே பளிச்சென்று சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் "எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று தரும் டியூபை வாங்கிப் பூசுவதுதான் எனக்குப் பயம், அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். டயப்பர் மூடிய தோல் அதை அதிகமாக உறிஞ்சும். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: எங்கள் மகள் பிறந்து ஆறு நாள். மனைவிக்கு ஆபரேஷன், குனிய முடியவில்லை. நான் மாற்றலாம் என்றால் கை நடுங்குகிறது. நேற்றுத் துணியில் ஒரு துளி ரத்தம் வேறு பார்த்தேன்.
– ஒரு தந்தை, தன்லின்

பதில்: தம்பி, நீங்கள்தான் மாற்ற வேண்டும், வேறு யாரையும் தேடாதீர்கள். ஆபரேஷன் ஆன உடம்புக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது. நாலு தடவை செய்தால் நடுக்கம் தானாகப் போகும்.

அந்த ஒரு துளி ரத்தம், முதல் வாரத்தில் பெண் குழந்தைகளுக்கு வருவதுதான். தாயின் ஹார்மோன் உடம்பிலிருந்து இறங்குவதால் வருகிறது, தானே நிற்கும். அதிகமானாலோ, முதல் வாரத்துக்குப் பிறகும் வந்தாலோ, மலத்தோடு கலந்து வந்தாலோ உடனே காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள், மலம் முன்பக்கம் வந்தால் மூத்திரத்தில் கிருமி சேரும்.

தொப்புள்கொடி இன்னும் விழுந்திருக்காது, டயப்பரின் முன்பக்கத்தை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள், காற்றோட்டமாக இருக்கட்டும். சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் அதில் வேண்டாம். சுற்றிச் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

மாற்றுகிறவருக்கு ஒரு பொறுப்பும் உண்டு: பார்த்து வைப்பது. இந்த நாட்களில் ஒரு நாளைக்கு 6 தடவையாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். கறுப்பாகப் போன மலம் இப்போது கடுகு மஞ்சளுக்கு மாறியிருக்கும். வெள்ளையாகவோ களிமண் நிறமாகவோ போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், ஈரலில் கோளாறு இருக்கலாம்.

கேள்வி: பயன்படுத்திய டயப்பரை என்ன செய்வது? எங்கள் கட்டடத்தில் எல்லோரும் பின் சந்தில்தான் வீசுகிறார்கள்.
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: வீசாதீர்கள் அம்மா. அது தண்ணீரைக் குடித்து ஊதி, சந்துக் கால்வாயை அடைக்கும், மழை கொட்டும்போது அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஏறும். மலத்தைக் கக்கூஸில் உதறிவிட்டு (டயப்பரைப் போடக் கூடாது, மலத்தை மட்டும்), இறுக்கமாகச் சுருட்டி, அதன் பட்டியாலேயே ஒட்டி, பையில் கட்டி, குப்பை எடுக்க வருகிறவர்களிடம் கொடுங்கள். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தண்ணீர் இல்லாத ராத்திரிகளுக்கென்று ஒரு பாட்டிலைத் தனியாக நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.