பாலின ஹார்மோன்கள் வளரும் மூளையின் செல்களைக் காக்குமா, கொல்லுமா?

இரண்டும்தான், இடத்தைப் பொறுத்து. மூளை வளரும்போது தேவைக்கு அதிகமாகவே நியூரான்கள் (நரம்புச் செல்கள்) உருவாகி, அப்புறம் ஒரு பகுதி தானாக மடிகிறது. எது மடியும் என்பதில்தான் ஹார்மோன் தலையிடுகிறது. எலியில், ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் போய் அரோமடேஸ் நொதியால் எஸ்ட்ராடயோலாக மாறுகிறது (ஆமாம், 'பெண் ஹார்மோன்' என்கிறோமே, அதேதான்). மூளையின் அடிப்பகுதியில் ஹார்மோன் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸின் முன்பகுதியில் ஒரு நியூரான் கொத்தை அது சாகாமல் காப்பதால் அந்தக் கொத்து ஆணில் பெரிது. அருகிலேயே, கருமுட்டை வெளியேற்றத்தோடு தொடர்புள்ள இன்னொரு கொத்தில் அதே எஸ்ட்ராடயோல் செல்களைச் சாகடிக்கிறது, அதனால் அது பெண்ணில் பெரிது.

எனக்கு அழுத்தமான சான்றாகப் படுவது 2004-இல் வெளியான சுண்டெலி ஆய்வு. செல் இறப்புக்குத் தேவையான பாக்ஸ் மரபணுவை நீக்கியதும், இந்த இரண்டாவது கொத்தின் மொத்தச் செல் எண்ணிக்கையில் ஆண்-பெண் வேறுபாடே இல்லாமல் போனது. ஆனால் அங்குள்ள டோபமைன் நியூரான்களில் (டோபமைன் என்ற வேதிப்பொருளால் செய்தி அனுப்புபவை) மட்டும் வேறுபாடு அப்படியே நின்றது.