கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று சாதாரண வாக்காளர் கண்டுபிடிக்க முடியுமா? தேர்தல் பத்திரம் ரத்தான பிறகு இன்னும் எதைக் கேட்டுப் போராட வேண்டும்?

முடியும், ஆனால் பாதிதான். கொடுத்தவர் பெயரும் வாங்கிய கட்சியின் பெயரும் ஒரே வரியில் கிடைக்க வேண்டும் என்பதே அடிப்படைக் கோரிக்கை. அது இன்னும் நிறைவேறவில்லை.

2024-ல் நடந்ததைப் பார்த்தாலே இது விளங்கும். தேர்தல் பத்திரம் என்பது ஸ்டேட் வங்கியில் வாங்கி, தன் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கிற நன்கொடைத் தாள். பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டத்தை ரத்து செய்தது. யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் பத்திரம் வாங்கியவர், தேதி, தொகை. இன்னொன்றில் கட்சி, தேதி, தொகை. இரண்டையும் இணைக்க எதுவுமே இல்லை. பத்துப் பேர் ஆளுக்கொரு கோடி ரூபாய்ப் பத்திரம் வாங்கியிருந்தால் யாருடையது எந்தக் கட்சிக்குப் போனது என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரிகிற ஓர் எண் இருந்தது. பத்திரிகையாளர் பூனம் அகர்வால் 2018-லேயே ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து இதை வெளிக்கொண்டு வந்திருந்தார். அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்ட பிறகு, மார்ச் 21 அன்று முழு விவரம் வந்தது. கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் வாங்கியது முதல் பட்டியலிலேயே தெரிந்தது. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது என்பது அந்தக் கட்சியே ஆணையத்திடம் கொடுத்திருந்த விவரத்தால் தெரிந்தது. மீதி எங்கெங்கே போனது என்பதை எண்ணைப் பொருத்தித்தான் பார்க்க முடிந்தது. 2019 ஏப்ரல் 12-க்கு முன் விற்ற பத்திரங்களை வாங்கியவர்கள் யார் என்பது இந்தப் பட்டியல்களில் இல்லவே இல்லை.

சரி, இப்போது எங்கே தேடுவது?

முதலில் நன்கொடை அறிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 29சி-யின்படி, ஒரு நிதியாண்டில் ஒருவரிடமிருந்து 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கட்சி அதைப் படிவம் 24ஏ-யில் காட்ட வேண்டும். பெயர், முகவரி, பான் எண், தொகை, கொடுத்த விதம் எல்லாம் அதில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் அறிக்கைகள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். பதிவு மட்டும் பெற்ற சிறிய கட்சிகளுக்கு அந்தந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான், தேடினால் சிக்காது. எக்செல்லில் தட்டச்சு செய்துகொண்டு முகவரி வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஒரே கதவு எண்ணில் நாலைந்து நிறுவனங்கள் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். பான் எண் இல்லாத வரிகளைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஓட்டை எங்கே என்றால், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ல் வரம்பைக் குறைத்தவர்கள், பெயரைக் காட்டும் வரம்பை 20,000-லேயே விட்டுவிட்டார்கள். 15,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பியவர் யார் என்பது வங்கிக்கும் கட்சிக்கும் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. ஒரே ஆள் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஆண்டுக் கணக்கில் கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். கூட்டினார்களா என்று வெளியிலிருந்து சரிபார்க்க வழியே இல்லை.

இரண்டாவது, தேர்தல் அறக்கட்டளைகள். நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள் இவை. கட்சியின் படிவத்தில் 'புரூடென்ட்' என்ற ஒரே அறக்கட்டளையின் பெயருக்கு நேரே பெரிய தொகை இருக்கும். அதற்குப் பின்னால் பல நிறுவனங்கள் இருக்கும். அறக்கட்டளை தன் அறிக்கையில் கொடுத்தவர் பட்டியலையும் கட்சிகளின் பட்டியலையும் தருகிறது. ஆனால் யார் பணம் யாருக்கு என்பது அதில் இல்லை. மார்ச் 14 பட்டியலில் இருந்த அதே குறை இது. வந்த பணத்தில் 95 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் வந்த தேதியையும் போன தேதியையும் பக்கத்தில் வைத்துச் சில இடங்களில் ஊகிக்கலாம். ஊகத்தை ஆதாரம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தவறான பெயர் போதும், மொத்த உழைப்பையும் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது, கம்பெனிக் கணக்கு. பலர் இதைத் தொடுவதே இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கம்பெனிச் சட்டம் பிரிவு 182-ன் பழைய நிபந்தனைகள் திரும்ப வந்துவிட்டன. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி எந்த நிறுவனத்தின் ஆவணங்களையும் பார்க்கலாம். சராசரி லாபம் 10 கோடி என்றால் 75 லட்சம்தான் கொடுக்கலாம். அதைத் தாண்டியிருந்தால் அது சட்ட மீறல்.

வேட்பாளர் செலவுக் கணக்கு முடிவு வந்த 30 நாளில் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம், அதாவது கலெக்டரிடம், வந்துவிட வேண்டும். தேர்தல் நடத்தை விதி 88-ன்படி ஒரு ரூபாய் கட்டி யாரும் அதைப் பார்க்கலாம்.

கோரிக்கை என்று வரும்போது 'வெளிப்படைத்தன்மை வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள். 20,000 ரூபாய் வரம்பை 2,000-க்குக் கொண்டுவர வேண்டும். இதைத் தேர்தல் ஆணையமே 2022-ல் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறது. அறக்கட்டளைகள் கொடுத்தவரையும் பெற்ற கட்சியையும் இணைத்துக் காட்ட வேண்டும். வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு இருப்பதுபோல் கட்சிச் செலவுக்கும் வேண்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது காலம். ஏப்ரலில் வாங்கிய நன்கொடை அடுத்த ஆண்டு அக்டோபர் வாக்கில்தான் ஆணையத்துக்கு வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கை மாறிய பணத்தின் கணக்கு, ஓட்டுப் போட்டு ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு வந்து யாருக்கு என்ன பயன்? தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை நன்கொடை விவரத்தை வெளியிட வேண்டும் என்று கேட்பதே சரி.

தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுவைக் கட்சிக்கு அனுப்பாதீர்கள். அப்போதைய ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்று மத்திய தகவல் ஆணையம் 2013-ல் சொல்லியும் அவை ஏற்கவில்லை. தேர்தல் ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'குறிப்பிட்ட நிதியாண்டுக்குப் படிவம் 24ஏ தராத கட்சிகளின் பட்டியல், அவற்றுக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்' என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.