உதவிப் பயிற்சியாளர் நாற்காலி: வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர் பணி குறித்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருக்கிறேன், பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் பட்டயமும் முடித்திருக்கிறேன். அங்கே நேரடியாக உதவிப் பயிற்சியாளராகச் சேர முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: மிக அரிது. பட்டயத்தைவிட, உங்களை அறிந்த ஒரு தலைமைப் பயிற்சியாளர் தொலைபேசியில் சொல்லும் இரண்டு சொற்களுக்கே அங்கு மதிப்பு அதிகம். முதுகலைப் படிப்பில் சேர்ந்து, அந்தக் கல்லூரி அணியிலேயே கிராஜுவேட் அசிஸ்டென்ட் (படித்துக்கொண்டே அணிக்கு வேலை செய்பவர்) ஆவதுதான் நடைமுறையில் உள்ள வழி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அணியின் வேலையோ அதைப் போல இரு மடங்கு இருக்கும். ஆர்வத்தில் கணக்கில் வராத மணி நேரங்களைக் கொடுத்துவிட்டு விசாவை இழந்தால், உங்களுக்காக வந்து நிற்க ஒருவரும் இருக்க மாட்டார். கல்விக் கட்டணத் தள்ளுபடி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஓர் அணிக்கு எத்தனை உதவிப் பயிற்சியாளர்கள்? (திருச்சி வாசகர்)

பதில்: எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று சொல்லாமல் இதைக் கேட்பது, போகும் ஊரைச் சொல்லாமல் பேருந்துக் கட்டணம் கேட்பதைப் போன்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உச்ச நிலையான முதல் பிரிவில் 2023 கோடை வரை மூவர், பிறகு ஐவர். கூடுதலாக வந்த இருவர் களத்தில் பயிற்சி தரலாம், ஆனால் வெளியூர் சென்று ஆட்டக்காரர்களைத் திரட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த இடங்கள் உருவாயின. ஆண்கள் அணிகள் சுமார் 360 இருக்கின்றன என்பதற்காகப் பெருக்கிப் பார்த்து மகிழ வேண்டாம்.

கேள்வி: அன்றாட வேலை என்ன? (மதுரை வாசகர்)

பதில்: ஆட்டக்காரர்களைத் திரட்டுதல், தனிப்பயிற்சி, எதிரணி ஆய்வு ஆகிய மூன்றும்தான் முதன்மை. எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். நான் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் ஒரு சிறிய கல்லூரியின் வீடியோ அறையில் இருந்தபோது, ஐந்து ஆட்டங்களை இரவெல்லாம் வெட்டி ஒட்டினால் மிஞ்சுவது 12 நிமிடப் படம். அதற்கு மேல் ஓட்டினால் பின்வரிசை தூங்கிவிடும். பந்தைக் கொண்டுவரும் ஓர் இடக்கை ஆட்டக்காரர் (கார்டு), பக்கவாட்டு பிக் அண்ட் ரோலில், அதாவது சக ஆட்டக்காரர் எதிரணிக் காவலரை மறித்து நின்று வழிவிடும் ஆட்டத்தில், அந்த மறிப்பைப் பயன்படுத்தாமல் கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோட்டுப் பக்கமே புகுவார் என்பதை நான்கு துண்டுகளில் காட்டினோம். மறுநாள் முதல் பாதியில் அவர் மூன்று முறை அங்கேயே புகுந்து கூடையில் போட்டார். யார் வசை வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: தொடக்கத்தில் சம்பளம் குறைவாக இருப்பது இயல்புதானே? தொழில் கற்கும் காலம் அல்லவா? (கோவை வாசகர்)

பதில்: இந்த ‘கற்கும் காலம்’ என்ற வாதத்தைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஏனெனில் என்.சி.ஏ.ஏ. இதே வாதத்தை நீதிமன்றத்தில் வைத்துத் தோற்றிருக்கிறது. செலவைக் குறைப்பதாகச் சொல்லி 1991-இல் நிறைவேற்றிய விதியின்படி, முதல் பிரிவு அணி ஒவ்வொன்றிலும் ஓர் உதவிப் பயிற்சியாளரின் வருமானத்துக்கு உச்சவரம்பு வந்தது: கல்வியாண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், ஆக மொத்தம் 16,000. தலைமைப் பயிற்சியாளரின் ஊதியத்துக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புதியவர்களுக்கு வாசலைத் திறந்து வைக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஆனால் அந்த இடத்தில் புதியவரைத்தான் அமர்த்த வேண்டும் என்று விதியில் ஒரு வரிகூட இல்லாததால், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் அதே தொகைக்கு உட்கார வேண்டியிருந்தது. உதவிப் பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சம்பளத்தைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது வணிகப் போட்டியைக் குலைப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு எதிரானது என்று கான்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளிக்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998-இல் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு ஜூரி சொன்ன இழப்பீடு, சட்டப்படி மும்மடங்காகி, சுமார் 6.7 கோடி டாலரைத் தொட்டது. 1999-இல் ஏறத்தாழ 5.5 கோடிக்குச் சமரசம் ஆயிற்று. வரம்பு அதற்கு முன்பே ஒழிந்துவிட்டது. ஆனால் ‘அனுபவம்தான் சம்பளம்’ என்று சொல்லி இளைஞர்களைக் காசில்லாமல் அமர்த்தும் பழக்கம் சிறிய கல்லூரிகளில் இன்னும் ஒழியவில்லை. நானும் ஒரு பருவம் முழுவதும் உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் படுத்து, அணிக்கு வாங்கிய சாண்ட்விச்சில் மிஞ்சியதைச் சாப்பிட்டுக் காலம் தள்ளியவன். அதைத் தியாகம் என்று இன்று மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னை ஏமாற்றினார்கள், நானும் ஏமாந்தேன். தொகை எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஒருவரிடமே காத்திருப்பதா, மாறிக்கொண்டே இருப்பதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: காத்திருந்து பலன் கண்டவர்களுக்குச் சான்று உண்டு. பில் கத்ரிஜ் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் 30 ஆண்டுகள் உதவியாளராக இருந்து, 60 வயதில் தலைமை ஏற்று, மூன்றே பருவங்களில் இரண்டு முறை ஃபைனல் ஃபோருக்கு (தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள்) சென்றார். டாமி லாயிட் கொன்சாகா பல்கலைக்கழகத்தில் சுமார் 20 ஆண்டுகள் உதவியாளராக இருந்து 2021-இல் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கனெக்டிகட் பெண்கள் அணியின் கிறிஸ் டெய்லி 1985 முதல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தே, சாதனையாளர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வரை சென்றவர். தலைமைப் பதவி இல்லாததால் அவரை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்த ஸ்டீவ் ஃபிஷருக்கு 1989-இல் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டி தொடங்கும் தறுவாயில் திடீரெனப் பொறுப்பு வந்தது. ஆறு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கினார். ஆனால் இவர்கள் எல்லாரும் வென்றுகொண்டிருந்த அணிகளில் இருந்தவர்கள். தோற்கும் அணியில் விசுவாசமாகக் காத்திருந்தால் தலைமைப் பயிற்சியாளரோடு சேர்ந்து வெளியேற வேண்டியதுதான்.

கேள்வி: தலைமைப் பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் என் வேலை என்னவாகும்? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: புதியவர் தன் ஆட்களோடுதான் வருவார். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, பாதியில் நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம் என்பவற்றைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: எழுத்தில்.

கேள்வி: ஆட்டத்தின்போது நடுவரை நோக்கிப் பாயும் தலைமைப் பயிற்சியாளரின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார்களே, அதுவும் வேலையா? (சேலம் வாசகர்)

பதில்: ஆம். நடத்தைக் குற்றத்துக்கான டெக்னிக்கல் ஃபவுல் விழுந்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இன்றிக் கூடையில் எறியும் வாய்ப்பு). கோட்டின் பின்புறத்தைப் பிடியுங்கள். கையைப் பிடித்தால் உங்கள் மேல் பாய்வார்.