கட்டடக்கலை கற்க விரும்புவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்தரப் பரீட்சைக்குப் பின் என்ன படிப்பது என்று வாசகர்களிடம் இருந்து வந்த கடிதங்களில், இம்முறை கட்டடக்கலை பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: நான் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். கணிதப் பிரிவு எடுக்காதவர்கள் கட்டடக்கலை படிக்கவே முடியாது என்று ரியூசனில் சொல்கிறார்கள். அது உண்மையா? உளச்சார்புப் பரீட்சைக்கு எதைப் படிக்க வேண்டும்? (கோண்டாவிலில் இருந்து ஒரு மாணவி)

உண்மையன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்து ஆண்டுக் கட்டடக்கலைப் பட்டத்துக்குக் கணிதப் பிரிவினர் மட்டும் தெரிவாவதில்லை. ஆனால் எந்தப் பாடச் சேர்க்கை ஏற்கப்படும், சாதாரண தரத்தில் எவற்றில் என்ன சித்தி வேண்டும் என்பன பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் வரையறுக்கப்பட்டுள்ளன. ரியூசனில் கேட்டதையும் நான் எழுதுவதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, உங்கள் மூன்று பாடங்களும் அதற்குள் அடங்குகின்றனவா என்பதைக் கைந்நூலிலேயே பாருங்கள். உளச்சார்புப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகம் தனியே விண்ணப்பம் கோரும். அந்த அறிவித்தலைத் தவறவிட்டவருக்கு இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றுக்கான தரப்புள்ளி) எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

மனப்பாடம் செய்து அந்தப் பரீட்சையில் தேற முடியாது. பார்த்ததைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்களா, பார்க்காததைக் கற்பனை செய்து தாளில் காட்ட முடிகிறதா என்பதே அங்கே சோதிக்கப்படுகிறது. இதற்கு யாழ்ப்பாணத்தை விடச் சிறந்த பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. வண்ணார்பண்ணையிலோ நல்லூரிலோ இன்னும் இடிபடாமல் இருக்கும் ஒரு நாற்சார் வீட்டை (நடுவே முற்றமும் அதைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடமும் உள்ள பழைய வீட்டை), உரிமையாளரின் அனுமதியோடு, அளவு நாடாவும் கொப்பியும் கொண்டுபோய் அளந்து வரையுங்கள். ஓர் அறையின் நான்கு சுவர்களை அளந்தால் மட்டும் போதாது. எதிரெதிர் மூலைகளுக்கிடையே குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அந்த இரண்டு அளவுகளும் ஒத்துவராவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணத்தில் இல்லை என்று பொருள், பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. பிறகு ஒரு மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் என்ற அளவுத்திட்டத்தில் கிடைப்படத்தை (மேலிருந்து பார்த்தால் தெரியும் அமைப்பை) வரைந்துவிட்டு, முற்றத்தின் நடுவே வீட்டைக் குறுக்கே வெட்டியது போல ஒரு வெட்டுமுகமும் வரையுங்கள். திண்ணை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது, சுவருக்கு வெளியே நீளும் கூரையான தாவாரம் ஏன் அவ்வளவு பதிந்து நிற்கிறது, ஐப்பசி கார்த்திகை மழை எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, மத்தியான வெயில் முற்றத்தில் எதுவரை இறங்குகிறது என்பவற்றை அந்த வெட்டுமுகமே உங்களைக் கேட்க வைக்கும். வீதியால் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்கவும் இருந்து இளைப்பாறவும் கூரையும் இருக்கையும் வைத்துக் கட்டிய சங்கடப்படலை எங்காவது எஞ்சியிருந்தால் அதையும் வரையுங்கள். தன் வளவின் எல்லையில் வழிப்போக்கருக்கு இடம் ஒதுக்கிய ஒரு சமூகத்தின் வடிவமைப்பு அது, என் கண்ணில் நம்மவர் கட்டியவற்றுள் மிக உயர்ந்தது.

இப்படி ஒரு வீட்டை முழுமையாக வரைந்து முடித்த மாணவருக்குப் பரீட்சைத் தாளைப் பார்த்துப் பயம் வராது.

கேள்வி: கட்டடக்கலை படிக்க விலை கூடிய மடிகணினி இப்போதே வாங்க வேண்டுமா? (உரும்பிராய்)

வேண்டாம். முதலில் கைக்கு வரைதல் வரட்டும். ஒட்டோகாட், ஸ்கெச்சப், ரெவிற் போன்ற வரைதல் மென்பொருட்கள் பின்னர் தேவைப்படும். அனுமதி கிடைத்து, அங்கே எவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்த பிறகு வாங்கலாம்.

கேள்வி: மகளுக்குப் பொறியியலும் கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் அவள் கட்டடக்கலைதான் வேண்டும் என்று நிற்கிறாள். பெண்பிள்ளை கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேசன்மாரோடு நின்று வேலை வாங்க முடியுமா? படித்து முடித்தால் யாழ்ப்பாணத்தில் தொழில் உண்டா? (சாவகச்சேரியில் இருந்து ஒரு தந்தை)

ஐயா, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கவலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளை உரிமையாளரும் மேசனாரும் பேசித் தீர்மானிக்கிறார்கள், பிரதேச சபை அனுமதிக்காகப் படவரைஞர் ஒருவர் படம் வரைந்து கொடுக்கிறார். கட்டடக்கலைஞரைத் தேடிப் போகும் வழக்கம் குறைவு. ஆனால் அதன் விளைவுகளை நாம் அனைவரும் அனுபவிக்கிறோம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் தாவாரமே இல்லாமல் கட்டிய வீடுகளில் மாரியில் சுவர் ஊறுகிறது, பங்குனி சித்திரையில் அறைக்குள் இருக்க முடியவில்லை. அதைவிடப் பாரதூரமானது நிலத்தடி நீர். நம் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழியின் கழிவு கிணற்றுக்குப் போய்ச் சேருவது எளிது. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் எங்கெங்கே அமைய வேண்டும், அயலவரின் கிணறு எங்கே இருக்கிறது என்று யோசித்து வரைவதற்கு இந்த மண்ணை அறிந்த கட்டடக்கலைஞர்கள் நமக்குத் தேவை. தேவை இருக்கிறது, அதற்குக் கூலி கொடுக்கும் பழக்கம்தான் இன்னும் வளர வேண்டும். ஆகவே முதல் சில ஆண்டுகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்துவிட்டுத் திரும்புவது பலருக்கு நடைமுறைக்கு ஏற்றதாக இருக்கும்.

காலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள். அதன் பின் அனுபவமுள்ளவரின் கீழ் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொழிற்பயிற்சி. பிறகு இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தொழில்சார் பரீட்சை. அப்போதுதான் பட்டயக் கட்டடக்கலைஞர் ஆகலாம். பொறியியல் படித்த தோழி சம்பளத்தில் முன்னே போய்விட்ட காலத்திலும் உங்கள் மகள் பயிற்சியில் இருப்பாள். அந்த ஆண்டுகளில் வீட்டில் இருந்து ஒப்பீட்டுப் பேச்சு எழாமல் இருந்தால் அவளுக்கு அது பெரிய உதவி.

பெண்கள் பற்றி: 1948 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி இலங்கையரான மினெட் டி சில்வா. இன்று இத்துறையில் பெண்கள் இருப்பது புதுமையே அல்ல. வேலைத்தளத்தில் மதிப்பைத் தருவது துறையறிவு. கொங்கிறீற் போடுவதற்கு முன் கம்பிகளின் இடைவெளியை அளந்து, பிழையென்றால் காரணத்தோடு நிறுத்தச் சொல்லத் தெரிந்தவரின் சொல்லை மேசன்மார் கேட்பார்கள்.

இத்துறையில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அறிய விரும்பினால், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் மீள்கட்டுமானத்தில் பங்காற்றிய வி. எஸ். துரைராஜாவைப் பற்றியும், தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி வளர்த்த மயூரநாதனைப் பற்றியும் மகளோடு சேர்ந்து வாசியுங்கள். இருவரும் நம் ஊர்க் கட்டடக்கலைஞர்கள்.

கேள்வி: தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் சான்றிதழ் பெற்று ஆறு வருடமாக வீட்டுப் படங்கள் வரைகிறேன். வயது 29. பெயர்ப்பலகையில் "ஆர்க்கிடெக்ட்" என்று போடலாமா? இனிமேல் படித்து அந்தத் தகுதியைப் பெற வழி உண்டா? (பருத்தித்துறை)

போடக் கூடாது. கட்டடக்கலைஞர் என்ற பெயரும் தொழிலும் 1976 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் ஒழுங்குபடுத்தப்பட்டவை. படவரைஞர் என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

வழி உண்டு. கொழும்பில் உள்ள சிற்றி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரில், கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்குப் படிக்கலாம். கட்டணம் உண்டு, கொழும்பு வாழ்க்கைச் செலவும் உண்டு, காலமும் நீளும். உங்கள் உயர்தரப் பெறுபேறுகள் போதுமா என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள். வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1919 இல் பிறந்து சட்டத்தரணியாக இருந்து, பின்னர் புகழ்பெற்ற கட்டடங்களை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா 1957 இல்தான் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். ஒரு சுவர் உண்மையில் எப்படி எழும்புகிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு வகுப்பில் பலரிடம் இருக்காது.

கேள்வி: மொறட்டுவையில் முதலாம் வருடம் படிக்கிறேன். இரவிரவாக விழித்திருந்து செய்த கட்டட மாதிரியை ஜூரியில் (மாணவர் வேலையை ஒரு குழு மதிப்பிடும் அமர்வில்) ஐந்து நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் விளக்கவும் முடியவில்லை. விட்டுவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன். (காரைநகர்)

தம்பி, இந்த ஒரு ஜூரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிராகரிக்கப்பட்டது ஒரு வடிவமைப்பு மட்டுமே. அடுத்த முறை நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, சொல்லப்படும் ஒவ்வொரு கருத்தையும் எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் நிற்பவரின் காதில் பாதிதான் விழும். மறுநாள் அமைதியாக வாசித்தால், அவற்றுள் இரண்டு மூன்று மிகப் பயனுள்ளவை என்பது தெரியும். மொழியைப் பொறுத்தவரை, நீளமாகப் பேச முயல வேண்டாம். யாருக்காக, எந்த இடத்தில், ஏன் இப்படி என்ற மூன்றுக்கும் மூன்று ஆங்கில வசனங்களை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மிகுதியை வரைபடம் விளக்கும்படி செய்யுங்கள். ஜூரிக்கு முதல் நாள் இரவு கட்டாயம் நித்திரை கொள்ளுங்கள். நித்திரையில்லாமல் வெட்டிய மாதிரியில் பிழையும் கூடும், விரலும் வெட்டுப்படும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரிடம் தயங்காமல் போங்கள்.

கேள்வி: இடம் கிடைக்காவிட்டால் இந்தியாவில் படிக்கலாமா? (மானிப்பாய்)

படிக்கலாம். அங்கும் இளநிலைப் பட்டம் ஐந்து ஆண்டுகள்தான். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி பெயர் பெற்றது. ஆனால் இலங்கையில் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரப்போகும் கல்லூரியின் பட்டத்தை இங்குள்ள நிறுவகம் எந்த அளவுக்கு ஏற்கும் என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பின்பே முற்பணம் கட்டுங்கள்.