மெடிக்கல் செகரட்டரி ஆக நாற்பதாயிரம் கட்ட வேண்டுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.காம். படித்தவர், கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வேலைக்குப் போகவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு செகரட்டரியாகச் சேர ஆசை. ஒரு இன்ஸ்டிட்யூட் 'ஆறு மாத மெடிக்கல் செகரட்டரி டிப்ளமோ, வேலை உறுதி' என்று சொல்லி நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறதாம். சேரலாமா, இல்லை அது இல்லாமலே உள்ளே போக முடியுமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த மத்திய அரசுச் சட்டத்தின் அட்டவணையில் மெடிக்கல் செகரட்டரியும் இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் படிப்பு குறைந்தது இரண்டு வருடம், 2,000 மணி நேரம். ஆறு மாத டிப்ளமோ அதில் எங்கே பொருந்துகிறது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரஸ்யமாக இருக்கும். நடைமுறையில் நம் ஊர் தனியார் ஆஸ்பத்திரிகள் இன்றைக்கும் ஒரு டிகிரி, டைப்பிங், தடுமாறாத ஆங்கிலம், இவற்றைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன. முறையாகப் படித்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவ ஆவணத் துறைப் படிப்பு பக்கம் போங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

இந்த வேலையை ஃபோன் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட் போடுவது என்று நினைத்துத்தான் பலரும் வருகிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் உங்கள் நாளை விழுங்கப்போவது டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது வீட்டுக்குப் போகும் நோயாளியின் சிகிச்சை விவரச் சுருக்கம். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து "பெட் பன்னிரண்டு இன்னைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு ஓபிக்குப் போய்விடுவார், கேஸ் ஷீட்டில் கோழி கிளறியது போலக் கையெழுத்து, லேப் ரிப்போர்ட் ஒரு பக்கம், ஆபரேஷன் நோட்ஸ் இன்னொரு பக்கம், கட்டிலுக்குப் பக்கத்தில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் காத்திருப்பார்கள், இதையெல்லாம் சேர்த்து ஒரு சம்மரியாக அடித்து டாக்டரிடம் கையெழுத்து வாங்குவது உங்கள் பொறுப்பு. அதில் ஒரு எழுத்து மாறினால் போதும். ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் அதிகம், ஹைப்போடென்ஷன் என்றால் குறைவு. டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சு சம்பந்தப்பட்டது. மருந்துச் சீட்டில் 'ஓடி' என்றால் தினம் ஒருவேளை, கண் டாக்டர் அதையே எழுதினால் வலது கண்ணாகவும் இருக்கலாம். இடது, வலது மாறிப்போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே புரியாததை ஊகித்து அடிக்கக் கூடாது, டாக்டர் எரிச்சல்பட்டாலும் போய்க் கேட்க வேண்டும். இந்தக் குணம் இருப்பவரை நான் டைப்பிங் வேகத்தைவிட மேலாக மதிப்பேன். சாஃப்ட்வேர் டெம்ப்ளேட் இருக்கிறதே என்பார்கள்; பழைய நோயாளியின் வரியை அழிக்காமல் விட்டுவிடும் ஆபத்து அதில்தான் அதிகம்.

அடுத்து இன்சூரன்ஸ். கேஷ்லெஸ் (நோயாளிக்குப் பதில் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது) அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனிகள் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் விதி போட்டது. ஆனால் சம்மரியும் பில்லும் ஆஸ்பத்திரியிலிருந்து போனால்தானே அந்தக் கடிகாரம் ஓடும்? தாமதம் பல நேரம் நம் மேஜையில்தான் இருக்கும், திட்டு மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயர், ஹையர் முடியுங்கள். அரசுத் தேர்வு, நிமிடத்துக்கு 30, 45 வார்த்தை. டிப்ளமோ ஃபீஸோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். கூடவே மருத்துவச் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படியுங்கள்: 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' என்றால் திறப்பு உண்டாக்குவது. இப்படி நூறு துண்டுகள் பிடிபட்டாலே பெரும்பாலான சம்மரிகள் மிரட்டாது. அப்புறம் நேராக செகரட்டரி வேலைக்கே காத்திருக்காமல் ஓபி ரிசப்ஷன், இன்சூரன்ஸ் டெஸ்க், எம்ஆர்டி (மருத்துவ ஆவணப் பிரிவு) என்று எது கிடைத்தாலும் சேருங்கள். என்னைக் கேட்டால் எம்ஆர்டி நல்ல பள்ளிக்கூடம், ஏனென்றால் நூற்றுக்கணக்கான பழைய கேஸ் ஷீட் கையில் வரும், எந்த டாக்டர் எப்படி எழுதுவார் என்பது தானாகவே பழகிவிடும். மருத்துவ ஆவணங்களைக் குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு விதியும் அங்கே அன்றாட வேலை. இன்டர்வியூவில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வேலை இடைவெளியை மறைக்க வேண்டாம், குழந்தை வளர்த்தேன் என்று சொன்னால் போதும். பி.காம். படிப்பும் வீண் இல்லை, பில்லிங்கோடு மல்லுக்கட்டும்போது கைகொடுக்கும். நோயாளி விவரத்தைச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு, நீங்கள் அதில் சேராதீர்கள்.

சேருவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு டாக்டருக்கா, டிபார்ட்மென்டுக்கே ஒரே ஆளா? மாலை ஓபி முடியும்வரை இருக்க வேண்டுமா? கைக்குழந்தை உள்ளவருக்குச் சம்பளத்தைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஏனென்றால் சில டாக்டர்களின் மாலை ஓபி ராத்திரி பத்து மணிக்குத்தான் முடியும்.