வீட்டு சர்வர் விழுந்தாலும் நெட் ஓட: கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில், விளம்பரத்தைத் தடுக்கும் டி.என்.எஸ். (தளப் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் சேவை) ஆன பை-ஹோல் ஓடுகிறது. அது நின்றால் வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. ரவுட்டரில் இரண்டாவது டி.என்.எஸ். ஆக கூகுளின் 8.8.8.8 கொடுத்தேன். இப்போது விளம்பரம் எட்டிப் பார்க்கிறது. ஏன் அண்ணா?

பதில்: "இரண்டாவது" என்பது பெயருக்குத்தான். முதலாவது செத்தால்தான் அடுத்ததைக் கேட்பேன் என்று எந்த போனும் சத்தியம் செய்து தரவில்லை. பல கருவிகள் மாற்றி மாற்றிக் கேட்கும். எனவே இரண்டாவதும் பை-ஹோலாகவே இருக்கட்டும். பழைய மினி பிசியில் ஒரு கண்டெய்னரில் (தனித்து ஓடும் மென்பொருள் பொட்டலம்) அதை ஓட்டினால் போதும். இரண்டிலும் கீப்அலைவ்டி நிறுவுங்கள்; ஒன்று நின்றால் பொது முகவரியை மற்றதற்கு மாற்றும் மென்பொருள் அது. பைக்கு 192.168.1.11, மினி பிசிக்கு .12, இரண்டுக்கும் பொதுவான மிதக்கும் முகவரி .10. மூன்றும், ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். கருவிகளுக்கு டி.என்.எஸ். ஆக .10 மட்டும் போகட்டும். வர்ச்சுவல் ரவுட்டர் ஐடி (ஒரே ஜோடி என்று காட்டும் எண்) இரண்டிலும் ஒன்றே, முன்னுரிமை பைக்கு 150, மினி பிசிக்கு 100. மாஸ்டர், அதாவது .10ஐ வைத்திருக்கும் மெஷின், நொடிக்கு ஒருமுறை குரல் கொடுக்கும். மூன்று முறை சத்தமில்லை என்றால், நான்கு நொடிக்குள் மற்றது .10ஐ எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படித்தான் வைத்திருக்கிறேன் சார். பையை அணைத்தால் மாறுகிறது, பை-ஹோலை மட்டும் நிறுத்தினால் மாறவில்லை. டிராக் ஸ்கிரிப்டில் (பை-ஹோல் ஓடுகிறதா என்று சோதிப்பது) வெயிட் (தோற்றால் முன்னுரிமையில் கழிவது) -20.

பதில்: கழித்துப் பாருங்கள். 150-20=130; இன்னும் 100ஐ விடப் பெரிது, பிறகு எப்படி மாறும்? -60 போடுங்கள், 90 ஆகும்.

ஸ்கிரிப்ட் எதைக் கேட்கிறது என்பதும் முக்கியம். வெளித்தளப் பெயரைக் கேட்டால், நெட் போனதும் இரண்டு மெஷினும் தோற்கும்; .10 காரணமில்லாமல் தாவ வாய்ப்புண்டு. பை-ஹோலிலேயே ஒரு உள்ளூர்ப் பெயரைப் பதிந்து, அதை 127.0.0.1 (அதே மெஷின்) இடம் கேளுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: "அப்படிப் பெயரே இல்லை" என்று பதில் வந்தாலும், டி.என்.எஸ்.ஸைக் கேட்கும் டிக் கட்டளை வெற்றி என்றே சொல்லும். வந்த ஐ.பி. சரியா என்று ஒப்பிட்டால்தான் சோதனை.

கேள்வி: என்னிடம் இரண்டுமே மாஸ்டர் என்கின்றன.

பதில்: ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. பெரும்பாலும் பயர்வால். கீப்அலைவ்டி பேசும் வி.ஆர்.ஆர்.பி., டி.சி.பி.யும் அல்ல, யூ.டி.பி.யும் அல்ல, புரோட்டோகால் எண் 112. போர்ட் திறந்து பயனில்லை. அந்த எண்ணையே அனுமதியுங்கள். ஸ்விட்ச் மல்டிகாஸ்ட்டை (பலருக்கும் ஒன்றாக அனுப்பும் செய்தி) விழுங்கினால் யூனிகாஸ்ட் பியர் (நேராக அனுப்ப மற்றதன் முகவரி) கொடுங்கள்.

கேள்வி: வி.எம். (மெய்நிகர் கணினி) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு நோட் (சர்வர்), எச்.ஏ. (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்பது) போட்டாயிற்று. ஒன்றை அணைத்தால் மற்றதும் ரீபூட் ஆகிறது!

பதில்: அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மொத்தம் இரண்டு ஓட்டு, பெரும்பான்மைக்கு இரண்டுமே வேண்டும். தனியாக நிற்கும் நோட், தான் துண்டிக்கப்பட்டதா அடுத்தது செத்ததா என்று அறியாமல், சுமார் 60 நொடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் வழியே தன்னையே ரீபூட் செய்கிறது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு பை போதும்: அதில் ஓட்டுப் போடும் கோரோசிங்க் கியூநெட்டி, இரு நோட்களிலும் அதனுடன் பேசும் கியூடிவைஸ், டி.சி.பி. 5403 திறந்திருக்க வேண்டும். இதை அதே கிளஸ்டருக்குள் வி.எம். ஆக வைக்காதீர்கள். ஒரு நோட்டின் வட்டை மற்றதற்கு நகலெடுக்கும் இசட்.எஃப்.எஸ். ரெப்ளிகேஷன் இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான். கடைசி நகலுக்குப் பின் எழுதியது போய்விடும்.

கேள்வி: பைபர் அறுந்தும் ஓ.பி.என்சென்ஸ் ரவுட்டர் மென்பொருள் 5ஜிக்கு மாறவில்லை.

பதில்: வீட்டிலேயே இருக்கும் பைபர் மோடத்தை பிங் செய்துகொண்டிருப்பீர்கள். வெளியே கேபிள் அறுந்தாலும் அது பதில் சொல்லும். மானிட்டர் ஐ.பி. (பிங் செய்து பார்க்கும் முகவரி) ஆக பைபருக்கு 1.1.1.1, 5ஜிக்கு 8.8.8.8 வையுங்கள், இரண்டுக்கும் ஒரே முகவரி கூடாது. 5ஜியில் பெரும்பாலும் சி.ஜி.நாட் (பல வாடிக்கையாளருக்கு ஒரே வெளி முகவரி) இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே வழி விடும் போர்ட் பார்வர்டு வேலை செய்யாது. வெளியிலிருந்து நுழைய டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். வேண்டும்.

கேள்வி: வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே, யூ.பி.எஸ். எதற்கு?

பதில்: பேட்டரி தீரப்போகிறது என்று சாதாரண இன்வர்ட்டர் சர்வரிடம் சொல்லாது. யூ.எஸ்.பி. உள்ள யூ.பி.எஸ். சொல்லும், நட் மென்பொருள் எல்லா மெஷினையும் ஒழுங்காக அணைக்கும். ஸ்விட்சையும் அதே யூ.பி.எஸ்.ஸில் செருகுங்கள். அது முதலில் அணைந்தால் அந்தச் செய்தி மற்ற மெஷின்களுக்குப் போய்ச் சேராது.